போர்டு மாறுது, விண்டோஸ் மாறக்கூடாது: எச்61-ல இருந்து எச்610-க்கு

வண்ணை_பில்லிங்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல ஒரு ஜவுளிக் கடையோட பில்லிங் மெஷின். மதர்போர்டு போற நிலைமை. பின்பக்கம் நாலு யூஎஸ்பி-ல ரெண்டு செத்தாச்சு, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை தானா ரீஸ்டார்ட் ஆகுது. இன்னும் ஓடுது, ஆனா தீபாவளி கூட்டத்தைத் தாங்காது.

இப்போ இருக்கிறது: எச்61 சிப்செட் போர்டு, ஐ3-3220, டிடிஆர்3 4 ஜிபி ரெண்டு, 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி-ல விண்டோஸ் 10 ப்ரோ 64 பிட், டேட்டாவுக்கு 1 டிபி ஹார்டு டிஸ்க். முதல்ல டிஸ்க்தான் இருந்துச்சு. எஸ்எஸ்டி பிற்பாடு சேர்த்து, டிஸ்க்கைக் கழட்டாமலே அதுல விண்டோஸ் போட்டாங்க.

வாங்கப்போறது: எச்610 போர்டு, ஐ3-12100, டிடிஆர்4 8 ஜிபி ஒண்ணு. கேபினட், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), எஸ்எஸ்டி, டிஸ்க் எல்லாம் பழசே.

புதுசா விண்டோஸ் போட முடியாத காரணம்: பில்லிங் சாஃப்ட்வேர் விஷுவல் பேசிக்ல எழுதினது. எழுதினவர் இப்போ தொடர்பில இல்ல, செட்டப் ஃபைலும் இல்ல. அது போக டாலி பிரைம், பார்கோடு லேபிள் பிரிண்டர், பேரலல் போர்ட்ல டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ். ரெண்டாவது கவுன்டர் இந்த மெஷினோட ஐபி வழியாத்தான் உள்ள வருது.

எஸ்எஸ்டி-யைப் புது போர்டுல சொருகினா அப்படியே எழுந்துக்குமா? ஆக்டிவேஷன் என்ன ஆகும்? கழட்டறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது ஏதாவது இருக்கா? ஞாயிறு ஒரு நாள்தான் கையில.

ராயபுரம்_ரிப்பேர்

அண்ணே, விண்டோஸ் 10 புது சிப்செட்டைப் பார்த்துப் பயப்படாது. எக்ஸ்பி காலத்துல போர்டு மாத்தினா நீலத் திரைதான். இப்போ முதல் பூட்லயே தனக்கு வேண்டிய டிரைவரை அதுவே தேடிப் போட்டுக்கும். உங்க மெஷின் மாட்டிக்கப்போற இடம் வேற. பழைய போர்டோட ஒட்டிக்கிட்டிருக்கிற சில விஷயங்கள் இருக்கு. அதையெல்லாம் பழைய போர்டு உயிரோட இருக்கும்போதே பிரிச்சு எடுத்துடணும். ஸ்க்ரூ டிரைவரைத் தொடறதுக்கு முன்னாடி செய்யற வேலைதான் இதுல முக்கால்வாசி.

முதல்ல பூட் முறை. எச்61 காலத்து மெஷின்னா விண்டோஸ் அநேகமா லெகசி முறையிலதான் (பழைய பயாஸ் பூட்) ஏறியிருக்கும், எஸ்எஸ்டி எம்பிஆர் பார்ட்டிஷனா (பழைய பாணி பிரிப்பு) இருக்கும். 12-ஆம் தலைமுறை ப்ராசஸரோட உள்ளமை கிராஃபிக்ஸை மட்டும் வெச்சு லெகசி பூட் ஆகாது. பயாஸ்ல சிஎஸ்எம் ஆப்ஷன் (லெகசி பூட்டை அனுமதிக்கிறது) மங்கலா இருக்கும், தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டாத்தான் சில போர்டுல திறக்கும். அதனால எஸ்எஸ்டி-யை ஜிபிடி-யா (யூஇஎஃப்ஐங்கற புது பூட் முறைக்கு வேண்டிய பிரிப்பு) மாத்தியே ஆகணும். டேட்டா அழியாம மாத்தற எம்பிஆர்2ஜிபிடி விண்டோஸ்லயே இருக்கு (1703 பதிப்புல இருந்து).

ரெண்டாவது, பூட் ஃபைல் எந்த டிஸ்க்ல உட்கார்ந்திருக்கு? நீங்க எழுதினதுல எனக்கு உறுத்தறது இதுதான். பழைய டிஸ்க்கைக் கழட்டாம எஸ்எஸ்டி-ல விண்டோஸ் போட்டா, இன்ஸ்டாலர் பல நேரம் "சிஸ்டம் ரிசர்வ்டு" பார்ட்டிஷனைப் பழைய டிஸ்க்லயே வெச்சிடும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்க. சி டிரைவ்ல "பூட்"னு எழுதியிருக்கும், அது ஒண்ணுமில்ல. "சிஸ்டம்"ங்கற வார்த்தை எந்தக் கட்டத்துல இருக்குன்னு பாருங்க. பெயர் ரெண்டும் தலைகீழா வெச்ச மாதிரி இருக்கும்: "சிஸ்டம்"னு எழுதின இடத்துலதான் பூட் லோடர் இருக்கு, "பூட்"னு எழுதின இடத்துல விண்டோஸ் ஃபோல்டர் இருக்கு.

மூணாவது, சாட்டா முறை, அதாவது போர்டு டிஸ்க்கோட பேசற விதம்: பழசு ஐடிஇ, புதுசு ஏஹெச்சிஐ. டிவைஸ் மேனேஜர்ல "ஐடிஇ ஏடிஏ/ஏடிஏபிஐ கன்ட்ரோலர்ஸ்"-ஐ விரிச்சுப் பாருங்க. ஏஹெச்சிஐ-னு பேர் வந்தா நல்லது. "ஏடிஏ சேனல் 0, சேனல் 1"னு வரிசையா வந்தா பழைய பயாஸ் ஐடிஇ முறையில ஓடுது. புது போர்டுல ஐடிஇ-யே கிடையாது. ஐடிஇ-ல ஏறின விண்டோஸ் ஏஹெச்சிஐ டிரைவரைத் தூங்க வெச்சிருக்கும். அப்படியே மாத்தினா "இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்" நீலத் திரை.

நாலாவது லைசென்ஸ். கமாண்ட் ப்ராம்ப்ட்ல எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்ஐ அடிங்க. "ரீட்டெய்ல்"னு வந்தா புது போர்டுக்கு வரும். "ஓஇஎம்"னு (மெஷினோடவே வந்த லைசென்ஸ்) வந்தா அந்தப் பழைய போர்டோடவே சாகும். கம்பெனி மெஷின்ல போர்டு பழுதாகி, தயாரிப்பாளரே அதே மாடலோ இணையானதோ மாத்திக் கொடுத்தா மட்டும் விதிவிலக்கு. "வால்யூம்"னு வந்தா யாரோ 500 ரூபா சாவியைத் தட்டிவிட்டிருக்காங்கனு அர்த்தம், புதுசா லைசென்ஸ் வாங்கற செலவையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

இந்த நாலையும் பார்த்து எழுதுங்க. அதுக்கு முன்னாடி எதையும் மாத்தாதீங்க.

பெரம்பூர்_சர்வீஸ்

மேல சொன்னது சரி. நான் இரும்புப் பக்கம் சொல்றேன்.

தானா ரீஸ்டார்ட் ஆகுதுன்னா போர்டுதான்னு எப்படி முடிவு பண்ணீங்க? பத்து வருஷ எஸ்எம்பிஎஸ்-ஸா இருந்தா சந்தேகம் முதல்ல அது மேலதான் வரணும். வேற ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ்-ஸை ஒரு நாள் போட்டு ஓட்டிப் பாருங்க. ரீஸ்டார்ட் நின்னுட்டா பிரச்சினை போர்டுல இல்ல. அப்படியே பழைய எஸ்எம்பிஎஸ்-ஸோட புது போர்டை மாட்டினா, புது போர்டும் அதே மாதிரி ஆடும், நீங்க விண்டோஸைத் திட்டுவீங்க. ரெண்டு யூஎஸ்பி செத்ததால போர்டுலயும் கோளாறு இருக்கு, மறுக்கல. அந்த ஏரியா உப்புக் காத்துக்கு யூஎஸ்பி வாய் துரு ஏறறது சகஜம். டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, பின்னுல பச்சை பூத்திருந்தா அதான். எஸ்எஸ்டி-யோட சாட்டா பல்லையும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டு ஒரு துடை துடைச்சிட்டு மாட்டுங்க. கேபிள் புதுசா போடுங்க, பெரிய விலை ஒண்ணும் இல்ல.

பழைய கூலர் ஏறாது. 1155 சாக்கெட்ல ஓட்டைக்கு ஓட்டை 75 மிமீ, 1700-ல 78 மிமீ. டப்பா ப்ராசஸர் வாங்கினா கூலர் கூடவே வரும். ட்ரே-ன்னு (டப்பா இல்லாத சரக்கு) விலை குறைச்சுக் கொடுத்தா வராது, கேட்டு வாங்குங்க. பேர்ல எஃப் சேர்ந்த 12100எஃப் வேண்டாம், அதுல கிராஃபிக்ஸ் கிடையாது.

பழைய எஸ்எம்பிஎஸ்-ல சிபியு-வுக்கு 4 பின் ஒயர்தான் இருக்கும், புது போர்டுல 8 பின் ஓட்டை இருக்கலாம். 12100 அதிகபட்சம் 89 வாட்தான், 4 பின்னுல ஓடிடும். ஆனா பழைய எஸ்எம்பிஎஸ்-ஸை நம்பி நான் விடமாட்டேன்.

கேபினட்டுக்குள்ள பித்தளை ஸ்டாண்ட்ஆஃபை எண்ணிக்கோங்க. புது போர்டு அளவு சின்னதா இருந்தா, ஓட்டை இல்லாத இடத்துல ஒரு ஸ்டாண்ட்ஆஃப் நீட்டிக்கிட்டு நின்னு போர்டோட அடிவயித்துல குத்தும். ஷார்ட். பவர் பட்டனைத் தட்டினா ஃபேன் ஒரு சுத்து சுத்தி நிக்கும், எல்லாரும் போர்டு டெட்டுன்னு முடிவு கட்டிடுவாங்க.

இன்னொண்ணு. ஞாயிறு ரிச்சி ஸ்ட்ரீட்ல கடை பெரும்பாலும் மூடியிருக்கும். போர்டு சரியில்லைன்னா அன்னைக்கு மாத்த முடியாது. வெள்ளிக்கிழமையே வாங்கி, போர்டை அது வந்த அட்டைப்பெட்டி மேல வெச்சு, ப்ராசஸர், கூலர், ஒரு ராம், மானிட்டர் மட்டும் கொடுத்து பயாஸ் வருதான்னு பார்த்துடுங்க. அப்பவே தேதி நேரத்தையும் சரி பண்ணிடுங்க. தேதி தப்பா இருந்தா ஆக்டிவேஷனும் நடக்காது, பிரவுசரும் ஒரு சைட்டையும் திறக்காது.

பேரலல் போர்ட் (விண்டோஸ்ல இதுக்குப் பேர் எல்பிடி): எச்610 போர்டுல பின்பக்கம் அது கிடைக்கிறது அபூர்வம். உங்க பில்லிங் எப்படி பிரிண்ட் அடிக்குது? விண்டோஸ் பிரிண்டர் லிஸ்ட் வழியாவா, இல்ல நேரா எல்பிடி1-க்கே அனுப்புதா?

வண்ணை_பில்லிங்

பார்த்தாச்சு.

டிஸ்க் 0 (1 டிபி): "சிஸ்டம் ரிசர்வ்டு 100 எம்பி, சிஸ்டம், ஆக்டிவ்". டிஸ்க் 1 (எஸ்எஸ்டி): சி மட்டும், "பூட்". நீங்க சொன்ன மாதிரியே.

கன்ட்ரோலர்ல ஏடிஏ சேனல் 0, 1 வரிசையா வருது. ஐடிஇ.

லைசென்ஸ் ரீட்டெய்ல் சேனல். லோக்கல் அக்கவுண்ட்ல ஓடுது, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் எதுவும் இல்ல.

எம்பிஆர்2ஜிபிடி வேலிடேட் மட்டும் எஸ்எஸ்டி மேல ஓட்டிப் பார்த்தேன்: "டிஸ்க் லேஅவுட் வேலிடேஷன் ஃபெய்ல்டு".

பில்லிங் நேரா எல்பிடி1-க்குத்தான் அனுப்புது. பிரிண்டர் பின்னாடி யூஎஸ்பி வாயும் இருக்கு. வேற எஸ்எம்பிஎஸ் போட்டு ஓட்டினேன், ரீஸ்டார்ட் குறையல.

ராயபுரம்_ரிப்பேர்

வேலிடேட் தோத்தது நல்லதுக்குத்தான். அந்த எஸ்எஸ்டி-ல ஆக்டிவ் பார்ட்டிஷனே இல்ல, அதனால ஒத்துக்கல. இப்போ வரிசையா போவோம். ஒரு விதி: ஒரு நேரத்துல ஒரு மாற்றம், ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் ஒரு ரீஸ்டார்ட். எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டு நீலத் திரை வந்தா எது காரணம்னு பிரம்மாவாலயும் சொல்ல முடியாது. இது எல்லாமே பழைய போர்டுலதான். வார நாள்ல கடை மூடின பிறகு செஞ்சுக்கலாம்.

பேக்கப் முதல்ல. க்ளோன்ஸில்லா (டிஸ்க்கை நகலெடுக்கிற கருவி) பென் டிரைவ்ல பூட் பண்ணி எஸ்எஸ்டி முழுக்க ஒரு இமேஜ், டிஸ்க்கோட டேட்டா பார்ட்டிஷனுக்கு எடுங்க. எச்61-ல யூஎஸ்பி 2 வேகம்தான். வெளி டிஸ்க்குக்கு எடுத்தா 100 ஜிபிக்கு ஒரு மணி நேரம் போகும், உள் டிஸ்க்குக்கு அதுல பாதிகூட ஆகாது. டாலி டேட்டா ஃபோல்டரையும் பில்லிங் ஃபோல்டரையும் தனியா ஒரு பென் டிரைவ்ல வெச்சு, அந்த பென் டிரைவைக் கடையை விட்டு வெளிய கொண்டு போயிடுங்க.

அடுத்து பூட் ஃபைலை எஸ்எஸ்டி-க்குக் கொண்டு வரணும். அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட். டிஸ்க்பார்ட் போய், எஸ்எஸ்டி-யை செலக்ட் பண்ணி (நம்பரை ரெண்டு தடவை பாருங்க, 223 ஜிபி-ன்னு காட்டறதுதான் 240), சி பார்ட்டிஷனை செலக்ட் பண்ணி, "ஆக்டிவ்" கொடுங்க. வெளிய வந்து பிசிடிபூட் (பூட் ஃபைலை எழுதற கமாண்ட்): மூலம் சி-யில இருக்கிற விண்டோஸ் ஃபோல்டர், /எஸ் சுவிட்சுக்கு சி டிரைவ், /எஃப் சுவிட்சுக்கு பயாஸ். முடிஞ்சதும் ஷட் டவுன், டிஸ்க்கோட சாட்டா கேபிளைப் பிடுங்கிட்டு ஆன் பண்ணுங்க. விண்டோஸ் வந்தா முதல் கண்டம் தாண்டியாச்சு. வரலன்னா கேபிளைத் திரும்பச் சொருகினா பழையபடி வந்துடும், பதற வேண்டாம்.

இதுக்கு மேல கடைசி வரைக்கும் டிஸ்க் கழண்டே இருக்கட்டும்.

அப்புறம் ஐடிஇ-யை ஏஹெச்சிஐ ஆக்கறது. எம்எஸ்கான்ஃபிக், பூட் டேப், "சேஃப் பூட்", மினிமல், டிக். ரீஸ்டார்ட். விண்டோஸுக்குள்ள போக விடாம நேரா பயாஸ், சாட்டா மோடு ஏஹெச்சிஐ, சேவ். சேஃப் மோடு எல்லா பூட் டிரைவரையும் எழுப்பிப் பார்க்கும், தூங்கிட்டிருந்த ஏஹெச்சிஐ டிரைவரும் எழுந்துக்கும். உள்ள வந்ததும் டிக்கை எடுத்துட்டு ரீஸ்டார்ட். ஒண்ணு மறந்துடாதீங்க: பின் நம்பர் போட்டு உள்ள போற பழக்கம்னா சேஃப் மோட்ல அது கை கொடுக்காம போகலாம். அக்கவுண்டோட நிஜ பாஸ்வேர்டு தெரிஞ்சிருக்கணும்.

இப்போ எம்பிஆர்2ஜிபிடி. டிஸ்க் கழண்டிருக்கிறதால எஸ்எஸ்டி-தான் டிஸ்க் 0. /வேலிடேட் /டிஸ்க்:0 /அலோஃபுல்ஓஎஸ். பாஸ் ஆனா அதே வரியில வேலிடேட்டுக்குப் பதிலா /கன்வர்ட். சி-யோட வால்ல கொஞ்சம் வெட்டி இஎஃப்ஐ பார்ட்டிஷனை அதுவே உண்டாக்கிக்கும். கடைசி வரியில ரீஏஜென்ட் ஃபைலை (விண்டோஸ் ரெகவரியோடது) அப்டேட் பண்ண முடியலன்னு புலம்பினா கண்டுக்காதீங்க, புது போர்டுல ஏறின பிறகு ரீஏஜென்ட்சி /டிஸேபிள், அப்புறம் /எனேபிள் கொடுத்தா சரியாயிடும். ப்ரைமரி பார்ட்டிஷன் மூணுக்கு மேல இருந்தாலோ, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருந்தாலோ ஒத்துக்காது. உங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான், வராது.

கன்வர்ட் ஆனதுக்கு அப்புறம் பழைய போர்டுல லெகசியா பூட் ஆகாது. பயாஸ்ல யூஇஎஃப்ஐ பூட் இருந்தா மாத்திப் பாருங்க. மலிவு எச்61 சிலதுல அது கிடையாது. அதனால இந்த ஒரு படியை மட்டும் ஞாயிறு காலையில, கழட்டறதுக்குச் சற்று முன்னாடி வெச்சுக்கோங்க. அதுக்குள்ள போர்டு செத்தே போனாலும் குடி மூழ்காது. புது போர்டுல விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவைப் போட்டு, முதல் திரையிலயே ஷிஃப்ட்-எஃப்10 அடிச்சா கறுப்புத் திரை வரும், அங்கயே கன்வர்ட் ஓட்டலாம். அங்க அலோஃபுல்ஓஎஸ் சுவிட்சு தேவையில்ல.

லைசென்ஸ்: ரீட்டெய்ல்னாலும் இப்பவே ஒரு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டை செட்டிங்ஸ், ஆக்டிவேஷன் பக்கத்துல சேர்த்துடுங்க. "டிஜிட்டல் லைசென்ஸ் லிங்க்டு டு யுவர் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்"னு வரி மாறினாத்தான் சேர்ந்ததா அர்த்தம். மெஷின் பேரைக் குறிச்சு வைங்க, பின்னாடி லிஸ்ட்ல தேட வேண்டியிருக்கும்.

டாலி: எஃப்1 ஹெல்ப், செட்டிங்ஸ், லைசென்ஸ், சரண்டர். போர்டு கழட்டறதுக்கு முன்னாடி, நெட் இருக்கும்போது. புது போர்டுல அதே சீரியல் நம்பர், அதே ஈமெயில் போட்டுத் திரும்ப ஆக்டிவேட். சரண்டர் பண்ணாம மாத்தினா எஜுகேஷனல் மோட்ல போய் உட்காரும், அந்த ஈமெயில் ஆடிட்டர் பேர்ல இருக்குன்னு ஞாயித்துக்கிழமை தெரியவரும்.

கடைசியா ஷட் டவுன். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா ஷட் டவுன் நிஜ ஷட் டவுன் இல்ல. கெர்னலை ஹைபர்நேட் பண்ணி வெச்சிட்டுப் படுக்கும். புது போர்டுல பழைய போர்டோட நினைப்புலயே எழுந்துக்கும், அங்கதான் பலருக்குக் கோணலாகுது. அட்மின் ப்ராம்ப்ட்ல பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப். அப்புறம் ஷிஃப்டை அழுத்திக்கிட்டே ஷட் டவுன்.

எட்டாம் தலைமுறைக்கு மேல மெஷின் வெச்சிருக்கிறவங்க இதைப் படிச்சா ஒரு வரி: டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் அல்லது "டிவைஸ் என்கிரிப்ஷன்" ஆன்ல இருக்கான்னு பாருங்க. விண்டோஸ் 11 ஹோம்லயும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோட சேர்ந்து அதுவா ஆன் ஆகியிருக்கும். சாவி பழைய போர்டோட டிபிஎம்-க்குள்ள (பாதுகாப்புப் பெட்டகம் மாதிரி) இருக்கும். போர்டு மாறினதும் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது இல்லைன்னா டேட்டாவுக்குக் காரியம் பண்ண வேண்டியதுதான். முழுசா டிக்ரிப்ட் பண்ணிட்டு மாத்துங்க. "சஸ்பெண்ட்" பட்டன் ஒரு ரீஸ்டார்ட்டுக்குத்தான் தாங்கும், அப்புறம் அதுவா மறுபடி பூட்டிக்கும்.

கொளத்தூர்_கீபோர்டு

இவ்வளவு சுத்துக்கு ஃப்ரெஷ் இன்ஸ்டால் ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடும் ப்ரோ. பழைய டிரைவர் குப்பையெல்லாம் எதுக்கு? விடமாட்டேன்னா சிஸ்ப்ரெப் ஜெனரலைஸ் ஒரு தடவை ஓட்டிட்டு மாத்துங்க, அதுதான் முறையானது.

ராயபுரம்_ரிப்பேர்

கேம் மெஷின்னா நானும் அதேதான் சொல்வேன். இங்க செட்டப் ஃபைலே இல்லாத விஷுவல் பேசிக் சாஃப்ட்வேர். எந்த ஓசிஎக்ஸ், எந்த டிஎல்எல், எந்த ரிஜிஸ்ட்ரி சாவின்னு தோண்ட ரெண்டு மணி நேரம் இல்ல, ரெண்டு வாரம் ஆகும்.

சிஸ்ப்ரெப் ஒரு மாஸ்டர் இமேஜை நாப்பது மெஷின்ல இறக்கறவங்களுக்கான கருவி. ஸ்டோர் ஆப் ஒண்ணு ஒரு யூசருக்கு மட்டும் ஏறியிருந்தாலே பாதியில நின்னுடும். ஓடினாலும் ஆக்டிவேஷனை ரீசெட் பண்ணி, முதல் நாள் செட்டப் திரையிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு போர்டு மாத்தறதுக்கு அது வேண்டாம்.

டிரைவர் குப்பை பத்திச் சொன்னது நியாயம்தான். ஆனா பழைய இன்டெல் சிப்செட் "டிரைவர்" பெரும்பாலும் வெறும் பெயர்ப்பலகை, இடைஞ்சல் பண்ணாது. முன்னாடியே நீக்க வேண்டியது பழைய போர்டு கம்பெனியோட ஃபேன் கன்ட்ரோல், ஓவர்க்ளாக் மாதிரி யூட்டிலிட்டி இருந்தா அது. அதெல்லாம் கெர்னலுக்குள்ள கை விடற சமாச்சாரம், புது போர்டுல நீலத் திரை கொடுக்கும்.

பெரம்பூர்_சர்வீஸ்

எல்பிடி-க்கு ரெண்டு வழி. பிசிஐஇ பேரலல் கார்டு போட்டா அது அநேகமா எல்பிடி3-ன்னு உட்காரும். டிவைஸ் மேனேஜர்ல அந்த போர்ட்டோட "போர்ட் செட்டிங்ஸ்" டேப்ல எல்பிடி1-ன்னு மாத்திடலாம். செலவில்லாத வழி: பிரிண்டரை யூஎஸ்பி-ல மாட்டி, விண்டோஸ்ல "ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி" டிரைவரோட சேர்த்து, டாட்-னு சின்ன பேர்ல ஷேர் பண்ணுங்க. அப்புறம் நெட் யூஸ் எல்பிடி1: கொடுத்து, ரெண்டு பின்சாய்கோடு, கம்ப்யூட்டர் பேர், ஒரு பின்சாய்கோடு, டாட், கடைசியில /பெர்ஸிஸ்டன்ட்:யெஸ். இந்த வரியை அட்மின் ப்ராம்ப்ட்ல அடிக்காதீங்க, சாதா ப்ராம்ப்ட்ல அடிங்க. அட்மின்ல அடிச்சா அந்த இணைப்பு அட்மின் பக்கம் மட்டும் தெரியும், சாதாவா ஓடற பில்லிங்குக்குத் தெரியாது.

யூஎஸ்பி-டு-பேரலல் கேபிள் வாங்கினா எல்பிடி1 கிடைக்கும்னு நினைக்காதீங்க. அது யூஎஸ்பி001-னு ஒரு போர்ட்டைத்தான் உண்டாக்கும், கடைசியில இதே நெட் யூஸ்-தான்.

இன்னும் ஒண்ணு, பழைய போர்டோட மேக் அட்ரஸைக் (லேன் கார்டோட அடையாள நம்பர்) குறிச்சு வைங்க. கெட்மேக்-னு அடிச்சா வரும். அந்தக் காலத்து பில்லிங் சாஃப்ட்வேர் சிலது மேக் அட்ரஸைப் பார்த்துத்தான் திறக்கும். புது லேன் கார்டோட அட்வான்ஸ்டு டேப்ல "நெட்வொர்க் அட்ரஸ்"ல பழைய நம்பரைப் போட்டா சமாதானம் ஆயிடும்.

எண்ணூர்_பெங்குவின்

லினக்ஸ் வெச்சிருக்கிறவங்களுக்குச் சுருக்கமா. டெபியன், உபுண்டு ரெண்டும் எல்லா டிரைவரோடவும்தான் இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆரம்பத்துல ஏறற சின்ன மூட்டை) கட்டும், அதனால டிஸ்க்கைச் சொருகினா எழுந்துக்கும். ஃபெடோரா அந்தந்த மெஷினுக்குன்னு கட்டும். எழலன்னா பூட் மெனுவுல ரெஸ்க்யூ கெர்னலைத் தேர்ந்தெடுத்து, உள்ள போய் டிராகட் (அந்த மூட்டையைக் கட்டற கருவி) திரும்ப ஓட்டணும். லேன் பேர் மாறும், ஈஎன்பி3எஸ்0-ங்கறது ஈஎன்பி4எஸ்0 ஆகும். ஸ்டேடிக் ஐபி பழைய பேர்ல எழுதியிருந்தா நெட் இருக்காது. யூஇஎஃப்ஐ பூட் வரிசை போர்டோட மெமரியில இருக்கிறதால புது போர்டு அதை அறியாது. லைவ் யூஎஸ்பி-ல போய் ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர்-ல ஒரு வரி சேர்த்தா முடிஞ்சது.

காசிமேடு_ஐஸ்

குறுக்க கேக்கறேன், மன்னிச்சுக்கோங்க. எங்களோடதும் எச்61-தான், ஆனா விண்டோஸ் 10 32 பிட். டாஸ்ல ஓடற பழைய ஸ்டாக் ப்ரோக்ராம். இதே வழி ஒத்து வருமா?

ராயபுரம்_ரிப்பேர்

வராதுங்க. புது போர்டோட 64 பிட் யூஇஎஃப்ஐ 32 பிட் விண்டோஸை எழுப்பாது, எம்பிஆர்2ஜிபிடி-யால எந்தப் பிரயோஜனமும் இல்ல. 64 பிட் விண்டோஸ் போட்டா 16 பிட் டாஸ் ப்ரோக்ராம் ஓடாது. டாஸ்பாக்ஸ்-எக்ஸ்-ல ஓட்டிப் பாருங்க, அல்லது 32 பிட் விண்டோஸை விர்ச்சுவல் மெஷினுக்குள்ள வைங்க. இல்லைன்னா இன்னொரு பழைய எச்61 போர்டு தேடிப் போடறது. அது எத்தனை நாளைக்குன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

எம்.சி. ரோடு அண்ணனுக்கு, புது போர்டுல முதல் பூட் பத்தி. பயாஸ்ல சாட்டா ஏஹெச்சிஐ, பிடிடி (இன்டெலோட டிபிஎம்) ஆன், பூட் லிஸ்ட்ல "விண்டோஸ் பூட் மேனேஜர்" தெரியணும். "கெட்டிங் டிவைசஸ் ரெடி"ன்னு சுத்தும், ஒண்ணு ரெண்டு தடவை தானா ரீஸ்டார்ட் ஆகும், திரை கறுத்துத் திரும்ப வரும். பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கிட்டு இருங்க, பவரைப் பிடுங்காதீங்க. லேன் டிரைவரை முன்னாடியே பென் டிரைவ்ல வெச்சிருங்க. அது மறந்துட்டா ஆண்ட்ராய்டு போனை ஒயர்ல மாட்டி யூஎஸ்பி டெதரிங், அதுக்கு டிரைவர் கேட்காது.

அடுத்து இன்டெல் சிப்செட், கிராஃபிக்ஸ், ஆடியோ, போர்டு கம்பெனி சைட்ல இருந்து. ஆக்டிவேஷன் போயிருக்கும், செட்டிங்ஸ்ல ட்ரபிள்ஷூட், "ஐ சேஞ்டு ஹார்டுவேர் ஆன் திஸ் டிவைஸ் ரீசன்ட்லி", பழைய மெஷின் பேரைத் தேர்ந்தெடுத்து ஆக்டிவேட்.

ரெண்டாவது கவுன்டருக்காகப் பழைய ஐபி-யைப் புது லேன் கார்டுக்குக் கொடுப்பீங்க. "இந்த ஐபி இன்னொரு அடாப்டருக்கு ஏற்கனவே கொடுத்திருக்கு"ன்னு மிரட்டும். அந்த இன்னொரு அடாப்டர் குப்பைத்தொட்டியில இருக்கிற பழைய போர்டுதான். டிவைஸ் மேனேஜர், வியூ, "ஷோ ஹிட்டன் டிவைசஸ்", மங்கலாத் தெரியற பழைய லேன் கார்டை அன்இன்ஸ்டால். மத்த மங்கலையெல்லாம் சுத்தம் பண்றேன்னு இறங்காதீங்க, ஸ்டோரேஜ் பக்கம் போகவே வேண்டாம். ஐபி சரியானாலும் கவுன்டர் உள்ள வராது, ஏன்னா புது லேன் கார்டுன்னா விண்டோஸுக்குப் புது நெட்வொர்க், "பப்ளிக்"னு போட்டு ஷேரிங்கை அடைச்சிடும். "பிரைவேட்"னு மாத்துங்க.

டிஸ்க்கைக் கடைசியா மாட்டுங்க. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட வழக்கமான அப்டேட் நின்னாச்சு, புது போர்டுல 11 தாராளமா ஏறும். ஆனா அதே ஞாயிறு வேண்டாம், ஒரு வாரம் ஓடட்டும்.

வண்ணை_பில்லிங்

முடிஞ்சது. பின்னாடி வர்றவங்களுக்கு, எதிர்பார்த்ததுல இருந்து மாறினது மட்டும்.

எச்61-ல யூஇஎஃப்ஐ ஆப்ஷன் இல்ல, கன்வர்ட் பண்ணிட்டு நேரா கழட்டிட்டோம். புது போர்டுல பூட் மேனேஜர் தானாவே லிஸ்ட்ல வந்தது. ஆக்டிவேஷன்ல 0எக்ஸ்சி004எஃப்211 காட்டிச்சு. ட்ரபிள்ஷூட் முதல் தடவை தோத்தது, பயாஸ்ல நேரம் அஞ்சரை மணி பின்தங்கி இருந்துச்சு. திருத்தினதும் ஏறிடுச்சு.

நெட் யூஸ் போட்டும் முதல்ல பில் வரல. ஷேர் பேர்ல நடுவுல ஒரு ஸ்பேஸ் இருந்துச்சு, எடுத்ததும் வந்தது. ஆனா பில் ஒவ்வொண்ணும் ரெண்டு வரி கீழ தள்ளி ஆரம்பிக்குது, கிழிக்கிற இடம் மாறுது. பேரலல்ல இப்படி இல்ல. இது டிரைவர் செட்டிங்ஸா, பிரிண்டர்லயே மாத்தணுமா?

பெரம்பூர்_சர்வீஸ்

பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்ல பேப்பர் அளவு ஏ4-ன்னு இருக்கும். பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ்ல உங்க பில் நீளத்துக்கு, 6 இன்ச்னா 6 இன்ச், ஒரு புது ஃபார்ம் உண்டாக்கி அதைத் தேர்ந்தெடுங்க. அட்வான்ஸ்டு டேப்ல பிரிண்ட் ப்ராசஸரை வின்பிரிண்ட், டேட்டா டைப் ரா-ன்னு வைங்க. "ரா எஃப்எஃப்"னு எதுவும் இருக்கக் கூடாது, அது பில்லுக்கு ஒரு ஃபார்ம் ஃபீடைத் தானா சேர்க்கும். அதுக்கும் அசையலன்னா பிரிண்டர்லயே டியர்-ஆஃப் மார்ஜினைச் சரி பண்ணுங்க.